ஆறு மாதம் கழித்து வேலைக்கு வரும் தாய்க்கு எதைத் தருவது?

எங்கள் பலகார யூனிட்டில் 21 பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் 17 பேர் பெண்கள். காரைக்குடியில் இந்தத் தொழில் பெண்களின் கையில்தான் நிற்கிறது. மணகோலம் பிழிவது, அதிரசம் தட்டுவது, கை முறுக்கு சுற்றுவது, பாக்கெட் போடுவது, ஆர்டர் எடுப்பது எல்லாம் அவர்கள்தான். எண்ணெய்ச் சட்டியில் நிற்பவர்கள் மட்டும் ஆண்கள்.

இந்த வருஷம் இரண்டு பேர் அடுத்தடுத்துப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். ஒருவர் கணக்கு பார்ப்பவர். செக்காலைப் பக்கம் வீடு, ஸ்கூட்டியில் பத்து நிமிடம். தை மாதம் பிரசவம், ஆடி முதல் வாரம் வேலைக்கு வருகிறார். இன்னொருவர் கை முறுக்கு சுற்றுகிறவர். கல்லல் பக்கத்துக் கிராமம், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். அவர் வருவது புரட்டாசியில். இரண்டு பேருக்கும் தாய்ப்பால் குடிக்கிற பிள்ளை. அவர்கள் வரும்போது நாங்கள் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்க வேண்டும் என்று நானும் என் வீட்டுக்காரரும் ஒரு மாதமாகப் பேசுகிறோம். விடுப்பை நீட்டுவதா, வேலை நேரத்தைக் குறைப்பதா, நடுவில் வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வரச் சொல்வதா, இங்கேயே ஒரு அறை ஒதுக்குவதா? ஒவ்வொன்றையும் எடைபோட்டுப் பார்த்ததை எழுதுகிறேன். இந்தப் பக்கத்தில் எங்களை மாதிரி சின்னத் தொழில் நடத்துகிறவர்கள் நிறையப் பேர். ஜவுளிக்கடை, ஆத்தங்குடிக் கல் பட்டறை, தனியார் பள்ளி, பழைய வீடுகளில் நடக்கும் ஹோட்டல் என்று எங்கே பார்த்தாலும் இதே கேள்வி வரும்.

விடுப்புக் கணக்கு

சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 1961-இல் வந்த மகப்பேறு பயன் சட்டத்தில் 12 வாரமாக இருந்தது, 2017-இல் 26 ஆனது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது, அதிலும் அதே 26 வாரம்தான். ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கும் தாய்க்கு 12 வாரம். பிரசவத் தேதிக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும். பத்துப் பேர் வேலை பார்க்கும் கடைக்கும் இது பொருந்தும். விடுப்பில் இருக்கும் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தக் கூடாது.

சின்ன முதலாளிகள் இந்த 26 வாரத்தைக் கேட்டதும் பயப்படுகிறார்கள். கல்யாணமான இளம்பெண் வேலை கேட்டு வந்தால் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்புவதை நானே பார்த்திருக்கிறேன். அந்தப் பயம் பெரும்பாலும் தேவையில்லாதது, அதனால் கணக்கைக் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன். ஒரு பெண்ணுக்கு மாதம் 12,000 ரூபாய் சம்பளம் என்று வையுங்கள். 26 வாரம் என்றால் 182 நாள். ஒரு நாளைக்கு 400 ரூபாய் வீதம் 72,800 ரூபாய். இதை நம் கையிலிருந்து கொடுத்து, அவர் இடத்துக்கு இன்னொருவரையும் வைத்தால் கஷ்டம்தான். ஆனால் பத்துப் பேரோ அதற்கு மேலோ இருக்கிற இடம் இ.எஸ்.ஐ. என்ற அரசுத் தொழிலாளர் காப்பீட்டில் இருக்க வேண்டும். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதற்குள் வருகிறார்கள். நம் பங்கு 3.25 சதவீதம், ஊழியர் பங்கு 0.75 சதவீதம். 12,000-க்கு நாம் கட்டுவது மாதம் 390 ரூபாய், அவர் சம்பளத்தில் பிடிப்பது 90 ரூபாய். பிரசவ கால சம்பளத்தை இ.எஸ்.ஐ. நேராக அந்தப் பெண்ணின் வங்கிக் கணக்கில் போடுகிறது, அதுவும் முழுச் சம்பள வீதத்தில். நாம் அந்த 72,800-ஐத் தொட வேண்டியதே இல்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. முந்தைய இரண்டு பங்களிப்புக் காலங்களில், அதாவது ஆறாறு மாதமாக வரும் இரண்டு தவணைகளில், மொத்தம் 70 நாளுக்காவது பணம் கட்டியிருக்க வேண்டும். பாக்கெட் போடுகிற பெண்களைச் சீசன் ஆட்கள் என்று சொல்லிப் பதிவேட்டில் ஏற்றாமல் விட்டுவிடுவார்கள். வருஷம் முழுக்க வேலை பார்த்த பெண்ணுக்குப் பிரசவ நேரத்தில் ஒரு ரூபாய்கூட வராது. எங்கள் யூனிட்டிலும் ஆரம்பத்தில் இரண்டு வருஷம் இந்தத் தவறு நடந்தது. அப்போது பிள்ளை பெற்ற ஒரு பெண்ணுக்கு எங்கள் கையால் கொடுத்தது மூன்று மாதச் சம்பளம் மட்டும். அவர் எதுவும் கேட்கவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. இன்றைக்கும் அவரைத் தெருவில் பார்த்தால் எனக்கு மனசு உறுத்தும்.

26 வாரத்தில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்னால் எடுத்துக்கொள்ளலாம். நம் பக்கத்தில் வளைகாப்பு போட்டதும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, வளையல் குலுங்க வண்டி ஏறியவர் அப்புறம் வேலைக்கு வருவதில்லை. கை முறுக்கு சுற்றும் பெண்ணுக்கு அப்படித்தான் ஆறு வாரம் முன்னாலேயே போய்விட்டது. மீதி 20 வாரம். புரட்டாசியில் அவர் வரும்போது பிள்ளைக்கு நாலரை மாதம்தான் ஆகியிருக்கும். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அந்த ஒன்றரை மாத இடைவெளியை யார் நிரப்புவது? கணக்கு பார்க்கும் பெண் பிரசவத்துக்கு ஒரு வாரம் முன்பு வரை வந்துகொண்டிருந்தார். அவர் திரும்பும்போது பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஆறு மாதம் ஆகிவிடும், கஞ்சி கொடுக்க ஆரம்பித்துவிடலாம். சட்டம் ஒன்றேதான், ஆனால் இரண்டு பேருக்கும் நாம் செய்ய வேண்டியது வேறு.

ஒரே ஊரில் எத்தனை விதமான தாய்கள் என்றும் பார்த்தேன். எங்கள் தெருவில் அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் இருக்கிறார், அவருக்கு ஒரு வருஷம். தமிழ்நாடு அரசு 2021 ஜூலை முதல் தன் பெண் ஊழியர்களுக்கு 365 நாள் கொடுக்கிறது. எங்கள் ஊர் சிக்ரி (மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) மாதிரியான மத்திய அரசு நிறுவனத்தில் இருப்பவருக்கு 180 நாள், அது முடிந்தால் பிள்ளை வளர்ப்பு விடுப்பு என்று பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். கணவர் மத்திய அரசு ஊழியராக இருந்தால் அவருக்கும் 15 நாள். தனியாரில் வேலை பார்க்கும் அப்பாவுக்குச் சட்டம் ஒரு நாளும் தரவில்லை. (எங்கள் சட்டி மாஸ்டர்களுக்கு ஒரு வாரம் சம்பளத்தோடு கொடுக்கிறோம்.) வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்கு விடுப்பு என்ற பேச்சே இல்லை. வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் பணமாகவும் ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் 18,000 ரூபாய் மதிப்புக்கு உதவி வரும். அந்த முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் பிறந்தது பக்கத்தில் இருக்கிற புதுக்கோட்டையில்தான்.

முதல் வழி: விடுப்பை ஒரு வருஷமாக நீட்டுவது

கேட்க நல்ல யோசனை. வேலையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம், இன்னும் ஆறு மாதம் சம்பளம் இல்லாமல் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்வது. கை முறுக்கு சுற்றும் பெண்ணிடம் போனில் கேட்டேன். "ஒரு வருஷம் வீட்ல இருந்தா நல்லாத்தான் இருக்கும் ஆச்சி. ஆனா சம்பளம் இல்லாம அடுப்பு எரியாதே" என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் வளர்க்கவில்லை. சம்பளத்தோடு ஒரு வருஷம் கொடுக்க அரசால் முடியும், எங்களால் முடியாது. சம்பளமில்லாத விடுப்பு வசதி உள்ள வீட்டுப் பெண்ணுக்குத்தான் உதவும். கேட்கிறவர்களுக்கு மூன்று மாதம் வரை கொடுப்போம் என்று மட்டும் முடிவு செய்தோம்.

இரண்டாம் வழி: வீட்டிலிருந்தே வேலை

விடுப்பு முடிந்த பிறகு, வேலையின் தன்மை இடம் கொடுத்தால், இரண்டு பக்கமும் பேசி வீட்டிலிருந்து வேலை பார்க்கலாம் என்று சட்டமே சொல்கிறது. முறுக்கை வீட்டில் சுற்ற முடியாது, உணவு உரிமம் யூனிட்டுக்குத்தான். கணக்கு பார்ப்பவருக்கு முடியும். ஜி.எஸ்.டி. பில், வாட்ஸ்அப் ஆர்டர் எல்லாம் லேப்டாப்பில் நடக்கிறவைதான். ஆனால் அவரே வேண்டாம் என்றார். "வீட்ல உக்காந்து வேலை பாத்தா, சும்மாதானே இருக்கேன்னு எல்லாரும் கூப்பிடுவாங்க ஆச்சி. பிள்ளையையும் பாக்க முடியாது, பில்லையும் பாக்க முடியாது." பிள்ளைக்கு உடம்பு சரியில்லாத நாளுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாம் வழி: இங்கேயே தொட்டில் கட்டுவது

50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம். தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பிள்ளையைப் பார்த்துவரலாம், ஓய்வு நேரம் அதற்குள் அடக்கம். எங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. செய்தால் நல்லதுதானே என்று யோசித்தோம். ஆனால் பத்தடி தள்ளி எண்ணெய் கொதிக்கிற இடத்தில் கைக்குழந்தையை வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும், ஒரே ஒரு பிள்ளைக்காக ஆள் வைப்பது தாங்காது. அங்கன்வாடியில் இரண்டு வயதுக்கு மேல்தான் சேர்ப்பார்கள். பல யூனிட்டுகள் சேர்ந்து பொதுவாக ஒரு காப்பகம் நடத்தலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. பக்கத்தில் இரண்டு கடைக்காரர்களிடம் பேசியிருக்கிறேன். விடுகிற எண்ணம் இல்லை, ஆனால் அது ஆடிக்குள் நடக்காது.

மீதி இருப்பது இரண்டு. வீட்டுக்குப் போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவது, அல்லது இங்கேயே பாலை எடுத்து வைப்பது. உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான்.

போய்க் கொடுத்துவிட்டு வருவது

பிள்ளைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, ஒரு நாளைக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை தாய்க்கு உண்டு. 1961-லிருந்தே இது சட்டத்தில் இருக்கிறது. நான் பார்த்த வரையில் இதைக் கேட்டு வாங்கிய பெண் ஒருவர்கூட இல்லை, இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது. முதலாளிகளுக்கும் தெரியாது. ஒரு பெண்ணை வேலைக்கு எடுக்கும்போதே இந்த உரிமைகளை எல்லாம் எழுத்தில் கொடுக்க வேண்டும் என்று 2017 திருத்தம் சொன்னது. நாங்களும் இதுவரை கொடுத்ததில்லை. இப்போது தமிழில் ஒரு பக்கம் எழுதி எல்லோருக்கும் கொடுத்திருக்கிறோம்.

கணக்கு பார்க்கும் பெண்ணுக்கு இந்த வழி அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது. போக பத்து நிமிடம், வர பத்து நிமிடம், பிள்ளை குடிக்க இருபது நிமிடம். 11 மணிக்கு ஒரு தடவை, 4 மணிக்கு ஒரு தடவை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டு மூன்றாம் தடவை. இடைவேளை ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம் என்று வைத்தால், நாளில் எங்களுக்குக் குறைவது ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்துக்குச் சம்பளம் பிடிப்பதில்லை. பிடித்தால் அது உரிமையாக இருக்காது. என் வீட்டுக்காரர் முதலில் யோசித்தார். மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற நாளில் என்ன செய்வது என்றார். அந்த இரண்டு நாள் பிள்ளையை அவர் மாமியார் ஆட்டோவில் இங்கே கொண்டுவரட்டும், ஆட்டோ காசு நம்முடையது என்று பேசி முடித்தோம்.

பிள்ளை நேராகக் குடிப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. பாத்திரம் கழுவ வேண்டாம், ஐஸ் வேண்டாம், சூடு பார்க்க வேண்டாம். குடிக்கக் குடிக்கத்தான் சுரக்கும், எடுக்காமல் விட்டால் கட்டிக்கொண்டு வலிக்கும், காய்ச்சல் வரும், நாள்பட்டால் சுரப்பே குறைந்துவிடும். பிள்ளை வாய் வைத்தால் இது எதுவும் இல்லை. வீட்டில் பெரியவர்கள் ஒன்று சொல்வார்கள்: வெயிலில் வந்த உடம்பு, பால் சூடாகிவிட்டது, முதலில் கொஞ்சம் பீய்ச்சிக் கீழே விட்டுவிட்டுக் கொடு. என் அப்பத்தாவும் சொல்வார். மார்பில் இருக்கும் பால் வெயிலால் கெடுவதில்லை, வெகு நேரம் தேங்கியிருந்தாலும் கெடுவதில்லை. கை கால் முகம் கழுவிக்கொண்டு, ஒரு செம்புத் தண்ணீர் குடித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

ஆனால் கல்லல் பக்கத்துப் பெண்ணுக்கு இந்த வழி கிடையாது. போக முக்கால் மணி, வர முக்கால் மணி, நடுவில் பஸ்ஸுக்குக் காத்திருப்பது வேறு. சட்டம் கொடுக்கிற இரண்டு இடைவேளையும் அவருக்குக் காகிதத்தில்தான். அவர் காலை எட்டு மணிக்கு முன்னால் பிள்ளையை விட்டுக் கிளம்பினால் திரும்பிப் போய்ச் சேர ஆறு மணிக்கு மேல் ஆகும். பத்து மணி நேரத்துக்கு மேல். நாலரை மாதப் பிள்ளை அதற்குள் மூன்று நான்கு தடவை பால் குடிக்கும்.

எடுத்து வைப்பது

2011-இல் என் மூத்தவன் பிறந்தபோது நான் வேறொரு ஊரில் ஒரு தனியார் ஆபீசில் இருந்தேன். அப்போது 12 வாரம்தான். மூன்றாம் மாதமே வேலைக்குப் போனேன். பதினொரு மணி ஆனால் மார்பு கல்லாகிவிடும். பக்கத்து மேஜைக்காரர் போனில் ஒரு குழந்தை அழுகிற சத்தம் கேட்டாலே சுரந்து ரவிக்கை நனையும். துண்டை மடித்து உள்ளே வைத்து, மேலே பின் குத்திக்கொண்டு உட்காருவேன். போக இடம் கழிவறை ஒன்றுதான். ஃபிளஷ் தொட்டியின் மூடி மேல் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்து, நின்றுகொண்டே கையால் பிழிவேன். வெளியே யாராவது கதவைத் தட்டினால் சுரப்பு நின்றுவிடும். கால் டம்ளர், அரை டம்ளர் சேரும். அதைக் கழிவறையில் எடுத்தோமே, பிள்ளைக்கு எப்படிக் கொடுப்பது என்று வாஷ்பேசினில் ஊற்றுவேன். தினமும் ஊற்றினேன். ஐந்தாம் மாதம் பால் வற்றிவிட்டது. உனக்குப் பால் பத்தவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் வெகுநாள் அப்படியே நம்பினேன். பால் இருந்தது, உட்கார்ந்து எடுக்க ஒரு இடம்தான் இல்லை.

அதனால் இந்த வழியைப் பார்க்கும்போது நான் நடுநிலையாக இல்லை. தெரிந்தேதான் சொல்கிறேன்.

இதற்கு என்ன வேண்டும்? உட்காரச் சாய்மானமுள்ள ஒரு நாற்காலி, கை கழுவக் குழாய், மூடி போட்ட சம்படம், ஒரு ஃபிரிட்ஜ், உள்பக்கத் தாழ்ப்பாள். பம்ப் இருந்தால் வேகமாக நடக்கும், இல்லாவிட்டாலும் கையாலேயே எடுக்கலாம். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை, தடவைக்கு இருபது நிமிடம். எங்களிடம் உளுந்து மூட்டை அடுக்குகிற சாமான் அறை ஒன்று இருந்தது. மூட்டையை மாடிக்கு ஏற்றிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். ஜன்னலுக்குத் திரை போட்டோம். மாவு, பருப்பு வாடை போக இரண்டு வாரம் ஆனது. வெளிப்பக்கப் பூட்டை நான் கழற்றச் சொன்னேன். 2015 ஆகஸ்டில் தமிழ்நாடு முழுவதும் பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறை திறந்தார்கள், அது பெரிய காரியம். அப்படி ஒரு அறை முன்னால், கைக்குழந்தையோடு என் நாத்தனாரும் நானும் அரை மணி நேரம் நின்றிருக்கிறோம். பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர் சாப்பிடப் போயிருந்தார். கடைசியில் நாத்தனார் பஸ்ஸுக்குள் ஏறி, சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு கொடுத்தார். எங்கள் அறைக்குச் சாவி என்ற ஒன்றே இருக்கக் கூடாது என்று அதனால்தான் சொன்னேன்.

எடுத்த பாலை வைத்திருப்பதில் நம் ஊர் வெயிலைக் கணக்கில் எடுக்க வேண்டும். 25 டிகிரி வரை உள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பார்கள். காரைக்குடியில் அந்த 25 டிகிரி மார்கழி இரவில்தான் கிடைக்கும். அதனால் எடுத்த உடனே ஃபிரிட்ஜ், அதில் நான்கு நாள் வரை இருக்கும். சாயங்காலம் பஸ்ஸில் கொண்டுபோக ஐஸ் கட்டி வைத்த சின்னப் பெட்டி. மறுநாள் வீட்டில் யார் கொடுப்பாரோ அவருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டும், இங்கேதான் பல வீட்டில் காரியம் கெடுகிறது. பால் என்றாலே காய்ச்சுவதுதான் நமக்குத் தெரியும். தாய்ப்பாலைக் காய்ச்சக் கூடாது, சம்படத்தை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்துக் குளிர் விட்டால் போதும். ஃபிரிட்ஜில் இருந்த பாலில் மேலே ஆடை மாதிரி கொழுப்பு ஒதுங்கி நிற்கும். திரிந்துவிட்டது என்று கீழே கொட்டிவிடுவார்கள். அது திரிந்த பால் இல்லை, மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். புட்டி வாங்க வேண்டிய அவசியம் இல்லை. பாலாடையில், அதாவது மூக்கு நீண்ட சின்னக் கிண்ணத்தில், கொடுக்கலாம். புட்டியைவிடக் கழுவச் சுலபம், புட்டியில் பழகிவிட்டு மார்பில் குடிக்க மறுக்கிற தொல்லையும் குறைவு. பாட்டிமாருக்குப் பாலாடை பிடிக்கத் தெரியும், நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

குறை என்ன என்றால், இது வேலையோடு வேலையாக இன்னொரு வேலை. பாத்திரம் கொதிக்க வைப்பது, நேரம் பார்ப்பது, பெட்டி தூக்குவது எல்லாம் அந்தப் பெண் தலையில்தான். பத்து மணி நேரம் பிள்ளையைப் பார்க்காத ஏக்கத்தை எந்த அறையும் தீர்க்காது. எடுத்து வைப்பதில் நேராகக் குடிக்கும் அளவுக்குப் பால் சிலருக்கு வராது.

எங்கள் முடிவு

கணக்கு பார்ப்பவருக்கு வீட்டுக்குப் போய்வரும் இரண்டு 45 நிமிடம். அவர் விஷயத்தில் யோசிக்க ஒன்றும் இல்லை.

கை முறுக்கு சுற்றுகிறவருக்கு அறை மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. அதனால் முதல் ஆறு வாரம் அரை நாள் வேலை, காலை ஒன்பதரையிலிருந்து மதியம் இரண்டு வரை, முழுச் சம்பளம். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிகிற வரைக்கும் அது கணக்காக வருகிறது. இரண்டு மணிக்கு விட்டால் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார். நடுவில் அறையில் ஒரு தடவை எடுத்தால் போதும். அதற்குப் பிறகு முழு நாள், மூன்று தடவை அறை. அடுப்புப் பக்கம் உட்கார வேண்டாம், பாக்கெட் பிரிவில் ஃபேன் காற்றில் இருக்கட்டும், பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருக்கட்டும். நாற்காலி போட்டுத்தான் பாக்கெட் போட வேண்டும் என்பது எல்லோருக்குமே இனி வழக்கம். கடைகளில் நிற்கிற பெண்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே வந்துவிட்டது, பிள்ளை பெற்றவருக்காகத்தான் எங்களுக்கு அது நினைவுக்கு வந்தது.

செலவு? ஆறு வாரம் அரை நாள் என்றால் 36 வேலை நாளுக்கு அரைச் சம்பளம் எங்கள் கையிலிருந்து போகிறது. கிட்டத்தட்ட 8,000 ரூபாய். புதிதாக ஒருவரை எடுத்து, கை முறுக்கின் சுற்று ஒரே அளவில் வருகிற வரை பழக்க ஆறு மாதம் ஆகும். அதுவரை உடைந்தும் கோணியும் வீணாகும் மாவுக்கே இதைவிட அதிகம் போய்விடும். நஷ்டக் கணக்கு பார்த்தாலும் இதுதான் லாபம். ஆனால் லாபம் இல்லாவிட்டாலும் நான் இதைச் செய்திருப்பேன்.

ஒரே நெருடல் தீபாவளி. புரட்டாசி ஏழாம் தேதி அவர் வருகிறார், அன்றிலிருந்து ஆறு வாரம் எங்கள் வருஷத்திலேயே அதிக வேலை உள்ள காலம். அந்த நேரத்தில் நன்றாகச் சுற்றத் தெரிந்த ஒரு கையை இரண்டு மணிக்கு வீட்டுக்கு அனுப்புவது என் வீட்டுக்காரருக்கு இன்னும் ஒப்பவில்லை. நேற்று இரவு ஆர்டர் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். கை முறுக்கு ஆர்டரை இந்த வருஷம் ஐந்தில் ஒரு பங்கு குறைத்து எடுப்பது, அந்த இடத்தில் அச்சில் பிழிகிற தேன்குழலைக் கூட்டுவது என்று எழுதினோம். சென்னையில் எங்களிடம் மொத்தமாக வாங்கும் இரண்டு கடைக்கும் இன்று காலை போன் போட்டுச் சொல்லிவிட்டேன். ஒருவர் சரி என்றார். இன்னொருவர் யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார்.